சத்தம் போடாத பிளேடு

எழுபதுகளின் கடைசியில், போடியில் என் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஜீப் விளக்குகளுக்குக் கரண்டு தரும் டைனமோக்களைப் பழுது பார்த்துவந்தேன். பழைய சோதனைக் கருவி ஒன்று இருந்தது. கரண்டு கொடுத்தால் உறுமும். டைனமோவின் காயிலை அதன்மேல் வைத்து, ரம்பப் பிளேடைக் கிட்டே பிடிக்க வேண்டும். காயில் கெட்டிருந்தால் பிளேடு கடகடவென்று அடித்துக்கொள்ளும். நல்ல காயில் என்றால் சத்தமே இருக்காது.

குரங்கணிச் சாலையில் இருட்டில் ஜீப்போடு உருண்டு செத்த டிரைவரின் மனைவி, ஒரு மத்தியானம் சாக்கில் சுற்றிய டைனமோவோடு வந்தாள். ஏலத்தோட்ட வேலைக்குப் போன இரண்டு பெண்களும் அந்த ஜீப்பில் செத்திருந்தார்கள்.

"லைட்டு அணைஞ்சு விழுந்தாரா, இல்ல ஊரு சொல்ற மாதிரி குடிச்சிருந்தாராண்ணே? பாத்துச் சொல்லுங்க."

கையிலிருந்த வேறொரு காயிலை முதலில் முடித்தேன். பிளேடு அலறியது. "இப்படிக் கத்துனா காயில் போச்சுன்னு அர்த்தம் தாயி" என்றேன், பேச்சுக்கு.

பிறகு அவளுடையதை வைத்தேன். சுற்றிச் சுற்றிப் பிடித்தேன். பிளேடு அசையவே இல்லை.

அவள் முகத்தைப் பார்த்தேன். "காயில் எரிஞ்சிருச்சு தாயி. லைட்டு அணைஞ்சுதான் போயிருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் என் கையிலிருந்த பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறவுககிட்டயும் இதையே சொல்லுங்கண்ணே" என்றாள். டைனமோவை எடுக்காமலே போய்விட்டாள்.

செத்த பெண்களின் வீட்டார் வந்து கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

காயில் நன்றாக இருந்தால் மெக்கானிக்குக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கோ, பிளேடு சத்தம் போடாதபோதெல்லாம் யாரோ பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் வேலை ஓடுவதில்லை.