கொக்கியில் பாரம்

ஹைட்ரா கிரேன் ஓட்டுகிற இராஜாங்கத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். நான் அருள்சாமி. பதினோரு வருஷம் அவன் கிரேனுக்கு பெல்ட் கட்டினவன். அவன் மேலே தூக்குவான், நான் கீழே நின்று கை காட்டுவேன். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது.

இராஜாங்கம் மன்னார்குடிப் பக்கத்தில் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். அவன் அப்பா அறுத்த நெல்லெல்லாம் பண்ணைக் களத்துக்குப் போயிற்று. குடிசை இருந்த மூன்று சென்டுகூட வாய்க்கால் புறம்போக்கு. பதினெட்டு வயதில் நெல் கிடங்கில் மூட்டை சுமந்தான். முதுகு போய்விடும் என்று பயந்து, பாலம் கட்ட வந்த கிரேன்காரனோடு ஒட்டிக்கொண்டு தொழில் கற்றான், லைசென்ஸ் எடுத்தான். அதற்குப் பிறகு அவன் தூக்காதது எது? ரைஸ்மில் பாய்லர், பாலத்து பீம், வாய்க்காலில் கவிழ்ந்த லாரி, கட்சி மாநாட்டு வளைவு. எட்டு டன்னை முட்டை மாதிரி இறக்கி வைப்பான். ஆனால் எவர் வந்து எதைக் கேட்டாலும் "பண்ணிடலாங்க" என்று தலையாட்டிவிடுவான். அந்தத் தலையாட்டலைத்தான் நான் திட்டுகிறேன்.

கஜா புயல் அடித்த மூன்றாவது வாரம், கரண்ட் கம்பம் நட எங்கள் வண்டியை அதிராம்பட்டினம் பக்கம் அனுப்பினார் முதலாளி. வழியெல்லாம் தென்னை படுத்துக் கிடந்தது. ஒரு ஊரில் காத்தாயி என்ற அம்மாள் வண்டியை மறித்தார். அறுபது வயதைத் தாண்டியவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் சர்க்கார் பண்ணையிடமிருந்து எடுத்து அவர் புருஷன் சாமிதுரைக்குக் கொடுத்த முக்கால் ஏக்கர் அங்கே இருந்தது. பண்ணை அப்போதே கோர்ட்டுக்குப் போய்விட்டது. ஆட்சி மாறி மாறி வந்தது, பட்டா மட்டும் வரவில்லை. சாமிதுரையும் போய்ச் சேர்ந்தார். நிலம் தங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதற்கு அம்மாளிடம் மிஞ்சிய ஒரே சாட்சி, புருஷன் வைத்த முப்பத்தெட்டுத் தென்னைகள். முப்பத்தெட்டும் விழுந்துவிட்டன. வருகிற வெள்ளிக்கிழமை கோர்ட் கமிஷனர் வந்து, நிலத்தில் என்ன இருக்கிறது, யார் வைத்தது என்று பார்த்து எழுதப் போகிறார்.

விழுந்த மரத்தைக் கமிஷனர் கணக்கில் எழுத மாட்டார் என்று யாரோ சொன்னார்களாம், மரத்தைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று கேட்டார்.

"பிழைக்காதுங்கம்மா. வேர் அறுந்து மூணு வாரம் ஆச்சு," என்றான் இராஜாங்கம்.

"பிழைக்க வேணாம் தம்பி. வெள்ளிக்கிழமை வரைக்கும் நின்னாப் போதும்."

அவன் தலை ஆடிவிட்டது. வரப்போரமாக ஆறு குழி வெட்டி வையுங்கள், நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்து ஆறு மரத்தையாவது நிறுத்திவிடுகிறேன் என்றான். வண்டி உன் வீட்டு வண்டியா என்று வழியெல்லாம் கத்தினேன். கேட்டால்தானே.

மறுநாள் காலை முதலாளி போன் செய்தார். இன்றைக்குக் கம்ப வேலை வேண்டாம், ஒரு இடத்தில் விழுந்த தென்னைகளை லாரியில் ஏற்ற வேண்டும், பண்ணை வீட்டு ஆள் வந்து வழி காட்டுவார் என்றார். அந்த ஆள் காட்டிய வழி காத்தாயியின் நிலத்துக்குத்தான் போயிற்று.

இராஜாங்கம் வண்டியை ஓரங்கட்டி முதலாளியிடம் கெஞ்சினான். உனக்கு இஷ்டமில்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போ, பத்து நிமிஷத்தில் வேறு ஆள் வருவான் என்று பதில் வந்தது. அது வெறும் மிரட்டல் இல்லை. வைரக்கண்ணு என்று ஒருவன் அந்த சீட்டுக்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தான். நாங்கள் போனாலும் மரம் போகும், போகாவிட்டாலும் போகும்.

எங்களைப் பார்த்ததும் காத்தாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒற்றை ஆளாக ஆறு குழி, ஒவ்வொன்றும் இடுப்பளவு. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதை வாங்கிக் குடித்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. முதல் மரத்துக்கு பெல்ட் கட்டினேன். மரம் எழுந்தது, குழியைத் தாண்டி லாரிப் பக்கம் போயிற்று.

"தம்பி, குழி இங்கதானே இருக்கு," என்றார் காத்தாயி.

இராஜாங்கம் திரும்பிப் பார்க்காமல் இறக்கினான். அழுதுகொண்டிருந்தான். மூன்றாவது மரத்தில்தான் அம்மாளுக்குப் புரிந்தது. போய் லாரிக்கு முன்னால் படுத்தார். பண்ணை ஆட்கள் தூக்கி வரப்பில் உட்கார வைத்தார்கள். தடுக்க வருவதற்கு ஊரில் ஆள் இல்லை, அத்தனை பேரும் புயல் நிவாரணத் தார்ப்பாய் வாங்க வரிசையில் நின்றார்கள். முப்பத்தெட்டு மரமும் போயிற்று. சாயங்காலம் அந்த ஆறு குழியிலும் பண்ணை ஆட்கள் தென்னம்பிள்ளை வைத்துத் தண்ணீரும் ஊற்றிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அதே ஊரில், பக்கத்துத் தெருவில் டிரான்ஸ்பார்மர் ஏற்றிக்கொண்டிருந்தோம். கம்பங்களுக்கு நடுவே அது கொக்கியில் தொங்குகிறது. மேலே கரண்ட் ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் போல்ட் மாட்டுகிறார்கள். காத்தாயி மூச்சிரைக்க ஓடி வந்தார். கமிஷனர் வந்துவிட்டாராம். குழியும் பிள்ளையும் எங்களுடையது என்று பண்ணை வக்கீல் சாதிக்கிறாராம்.

"யார் வெட்டின குழின்னு கேக்குறாங்க தம்பி. நீதானே வெட்டச் சொன்னே. ரெண்டு நிமிஷம் வந்து அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

"வர்றேம்மா. கொக்கியில பாரம் இருக்கு, எறங்க முடியாது. இந்தா, இப்ப முடிஞ்சிடும்."

பாரம் தொங்கும்போது ஆபரேட்டர் சீட்டை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் மேலே இருக்கிற இரண்டு உயிரும் போய்விடும். நான் போகலாம் என்றால் கை காட்ட ஆள் கிடையாது. அந்த நேரம் பார்த்தா ஒரு போல்ட் ஓட்டையில் உட்காராமல் போக வேண்டும்? கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று முக்கால் மணி நேரம் போயிற்று. காத்தாயி நகரவில்லை. சாட்சி இல்லாமல் திரும்பிப் போய் என்ன செய்வார்?

அப்போது கமிஷனர் கார் அந்தத் தெரு வழியாகவே வந்தது. எங்கள் வண்டியை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போயிற்று. இராஜாங்கம் லிவரை விடாமல் தலையை மட்டும் வெளியே நீட்டி, "சார், குழி அவங்க வெட்டினதுதான் சார்" என்று தொண்டை கிழியக் கத்தினான். எஞ்சின் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. கண்ணாடி ஏற்றியிருந்த கார் நிற்காமல் திரும்பிப் போய்விட்டது.

அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். கொக்கி லேசாக ஆடியது. காத்தாயி கார் போன பக்கம் பார்க்கவில்லை, மேலே பார்த்தார்.

"பாத்து தம்பி," என்றார். "மேல புள்ளைங்க நிக்கிது."