மதிலேறிய சுரைக்கொடி

இந்த மலையாள ஊரில் துணி காயப்போட நட்ட கம்புகூடத் தளிர் விடுகிறது. விழிஞ்ஞம் ரோட்டை ஒட்டிய சந்தில் நாங்கள் வாடகைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாத்தூர்ப் பக்கம் கரிசலில் பிறந்தவளுக்குத் தண்ணீர் ஊற்றாமலே ஒரு செடி பிழைப்பது வேடிக்கைதானே. போகப் போக அதுவே ஒரு பயமாகிவிட்டது. மதில் வெடிப்பிலும், துவைக்கிற கல்லின் அடியிலும், குப்பைக்குழியிலும் ஏதாவது முளைத்துக்கொண்டே இருந்தது. பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது.

என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் வேலை. பகலெல்லாம் நான் தனி. துணைக்கு இருக்கட்டும் என்று ஊரிலிருந்து அதலைக்காய்க் கிழங்குகளைக் கொண்டுவந்து, கூடவே அள்ளிவந்த கரிசல் மண்ணைச் சாக்குகளில் நிரப்பி நட்டேன். உங்களுக்கு அதலைக்காயைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இராது, அத்தனை கசப்பு. மழைக்குப் பிறகு எங்கள் காட்டில் தானாகப் படர்ந்து கிடக்கும். அம்மா வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டு வதக்கித் தருவாள். இங்கே அது காய்த்த அன்று, பக்கத்து வீட்டுச் சுகுமாரன் சேட்டன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"இதெந்தா, பாவய்க்கேடெ குஞ்ஞோ?"

பாகற்காயின் குட்டியா என்று கேட்கிறார். "எங்க ஊர்க் காய் சேட்டா. ஷுகருக்கு நல்லது" என்று ஒரு கிண்ணம் பறித்துக் கொடுத்தேன். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய். அவர் மனைவி லீலா சேச்சி முகம் சுளித்தாள்; அவரோ ருசித்துச் சாப்பிட்டார். "கைப்பு எத்ர கூடுதலோ, அத்ரயும் நல்லது" என்று சந்தில் எல்லாரிடமும் சொன்னார். கசப்புக் கூடக் கூட நல்லதாம். பால்காரர்கூட என்னிடம் காய் கேட்டார். வந்த ஊரில் முதல்முறையாக எனக்கு ஒரு மரியாதை.

அதே மழையில் துவைக்கிற கல்லின் பக்கத்தில் ஒரு சுரைக்கொடி தானாக முளைத்தது. நான் விதை போடவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் மதிலேறி அந்தப் பக்கமும் தொங்கியது. காய்கள் வெளிறிய பச்சையில் பளபளவென்று இருந்தன. ஒன்றை அறுத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு துண்டைப் பச்சையாக நுனிநாக்கில் வைத்தேன். உடனே துப்பினேன். வாயைக் கழுவக் கழுவ அந்தக் கசப்பு போகவில்லை. சின்ன வயதில் எங்கள் எதிர்வீட்டு மாரியம்மா அத்தை கசந்த சுரைக்காயைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, கட்டிலிலிருந்து சரிந்து, ரத்தமாக வாந்தியெடுத்ததைப் பார்த்தவள் நான். அன்று பெரியவர்கள் அந்தக் காய்க்குச் சொன்ன பெயர்தான் எனக்குத் தெரியும்.

மதிலருகே ஓடினேன். சேட்டன் தன் பக்கத்துக் காயை ஏற்கெனவே பறித்து முறத்தில் வைத்திருந்தார்.

"சேட்டா, அது வேண்டா. பேய்ச்சுரை. பயங்கரக் கைப்பு."

"பேயோ?" அவர் உரக்கச் சிரித்தார். "நினக்குப் பேயெப் பேடியுண்டோ, மோளே?"

பேய்க்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "பேய் இல்ல சேட்டா, விஷம். விஷமாக்கும்!" என்றேன்.

"கைப்பெல்லாம் விஷமெங்கில், நின்றெ அதலய்க்கயோ?"

கசப்பெல்லாம் விஷமென்றால் உன் அதலைக்காய் என்ன என்கிறார். எந்தக் கசப்பு உணவு, எந்தக் கசப்பு ஆளைக் கொல்லும் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் இருந்த மலையாளம் போதவில்லை. சேச்சியிடம் திரும்பி, "குடுக்காதீங்க சேச்சி" என்று கும்பிட்டேன். அவள் சும்மா தலையாட்டினாள். நான் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

மறுநாள் காலை சேச்சியின் அலறல் கேட்டு அங்கே ஓடினேன். சேட்டன் வாஷ்பேசினைப் பிடித்தபடி குனிந்திருந்தார். மேஜைமேல் மிக்ஸி ஜார். பக்கத்தில் ஒரு டம்ளரில் பாதி குடித்த பச்சைச் சாறு. நான் அந்த டம்ளரைக் கையிலெடுத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். போகும் வழியிலேயே வாந்தியில் ரத்தம் வந்துவிட்டது. என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது டம்ளரை நீட்டி, "சுரய்க்க, கைப்புள்ள சுரய்க்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டருக்குப் புரிந்தது. "எவிடுந்நு கிட்டி?" என்றார். எங்கிருந்து கிடைத்ததாம்.

சேச்சி என்னைக் கைகாட்டினாள். "இவளுடெ வள்ளியில் நிந்நு."

இவளுடைய கொடியிலிருந்து. பொய்யில்லை.

சேட்டன் பிழைத்துக்கொண்டார். ஆனால் வீடு திரும்பியவர் பழைய சேட்டன் இல்லை. சட்டை தோளில் நிற்கவில்லை. மதிலருகே வருவதையும் விட்டுவிட்டார். "தமிழத்தி கொடுத்த காய்" என்று சந்தில் பேசினார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். வீட்டுச் சொந்தக்காரர் போனில், கொடி என்று எதுவும் காம்பவுண்டுக்குள் இருக்கக் கூடாது என்றார். அதலையையும் பிடுங்கினேன். சாக்கு மண்ணை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் என் கணவர் அதைச் சைக்கிளில் வைத்து எங்கோ கொண்டுபோனார். வந்து, "பேசாம ஊருக்குப் போயிரலாமா?" என்றார்.

திருவோணத்தன்று மத்தியானம் கேட் திறக்கும் சத்தம். லீலா சேச்சி, சரிகைக் கரை போட்ட கசவுப் புடவையில், கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றாள். அத்தனை நாளில் அவள் என் வாசலுக்கு வந்தது அன்றுதான்.

"ஓலனா. கழிக்கு."

ஓலன் ஓணத்துக்கு வைக்கும் கூட்டு; கழிக்கு என்றால் சாப்பிடு. உள்ளே எடுத்துப்போகத் திரும்பினேன்.

"இவிடெ வச்சு கழிக்கு. ஞான் நிக்காம்."

இங்கேயே சாப்பிடு, நான் நிற்கிறேன். கிண்ணத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த வெள்ளைத் துண்டுகள். நீர்ப்பூசணியா, சுரைக்காயா? வெந்தபின் யாரால் சொல்ல முடியும்? அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒரு துண்டை வாயில் போட்டேன். இனிப்பாக இருந்தது. இரண்டாவதையும் போட்டேன். கிண்ணம் காலியாகும்வரை அவள் அசையவில்லை.

"நன்னாயோ?"

"நன்னாயிட்டுண்டு சேச்சி."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுக்களையில் போன் அடித்தது, சாத்தூரிலிருந்து தங்கை. அங்கே அன்று சாதாரண நாள்தான். "என்னக்கா பண்றே, சாப்ட்டியா?" என்றாள். "சாப்ட்டேன்" என்றேன். பிறகு அவள் பேசப் பேச, ஒரு காதில் போனும் மறு காதில் மதிலுக்கு அப்பால் ஓணப் பாட்டுமாக, ஏதாவது செய்கிறதா என்று வயிற்றில் கைவைத்தபடி வாசல்படியில் காத்து நின்றேன்.