பாஞ்சாலை முதுகு காட்டிய நாள்

1997 சித்திரையில் பாஞ்சாலையின் இரண்டு கைகளும் வெடித்தன. விரலிடுக்கில் கொப்புளம், உடைந்தால் நீர், காய்ந்தால் பொருக்கு. ஆரணியில் ஜெகநாதனின் சாயப்பட்டறையில் பதினான்கு வருடமாகப் பட்டுநூலைக் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுத்த கைகள் அவை. கூட வேலை செய்த பூங்காவனமே அவளுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் ஜெகநாதன் கூப்பிட்டார்.

"இது தொத்து வியாதி. நீ வேலைய வுட்டு நின்னுக்கோ."

"சாயத்தால வந்ததுங்க மொதலாளி."

"பதினாலு வருஷமா அதே சாயந்தான? அப்பல்லாம் வராதது இப்ப எப்டி வரும்?"

அந்தக் கேள்விதான் பாஞ்சாலையை உலுக்கியது. நேரே உள்ளே போய், தான் தொடும் ஏழு பொடிகளிலும் ஒரு சிட்டிகை எடுத்துப் பொட்டலம் கட்டினாள்.

"யாரைக் கேட்டு எடுக்கிற?" என்றார் ஜெகநாதன்.

"என் கையில பட்டதைத்தான் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஜாய்ஸ் அந்தப் பொடிகளைத் தக்கபடி கரைத்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் ஏழு கட்டமாக ஒட்டினார். நாலு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. கத்திரி வெயிலில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சத்திரத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். இரண்டாம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்தபோதே ஓரிடம் சிவந்திருந்தது. நாலாம் நாள் அங்கே கொப்புளம். கறுப்புச் சாயம் கெட்டியாக நிற்கப் போடும் ஆரஞ்சு நிற உப்பை ஒட்டிய இடம் அது.

முதலாளி கேட்ட கேள்வியை அப்படியே டாக்டரிடம் கேட்டாள்.

"அந்த உப்பு தோலுக்குள்ள போய் நம்ம புரதத்தோட ஒட்டிக்கும்" என்றார் ஜாய்ஸ். "தோல்ல காவல் இருக்கிற செல் ஒண்ணு அப்படி ஒட்டின துண்டைத் தூக்கிட்டு, அக்குள்ல நெறிகட்டுமே, அங்க போய்க் காட்டும். அங்க டி செல்னு, நோயோட சண்டை போடுற வெள்ளை அணு கோடிக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு அடையாளந்தான் தெரியும். அந்தத் துண்டுக்குப் பொருந்துற டி செல் வந்தாலும் போதாது. துண்டைக் காட்டுற செல் 'இது ஆபத்து'ன்னு இன்னொரு சைகையும் கொடுக்கணும். அது இல்லன்னா டி செல் முழிக்காது."

"பதினாலு வருஷம் தூங்கிகினு இருந்துச்சா?"

"இடையில கைல காயம் ஏதாவது?"

"தை மாசம் கொதிதண்ணி கொட்டி வெந்துச்சுங்க. அந்தப் புண்ணோடயே வேலை செஞ்சேன்."

"அப்பதான் சைகை பலமா கெடைச்சிருக்கும். ஒரு தடவை முழிச்சா ஆயிரக்கணக்குல பெருகும், மறக்கவே மறக்காது. இனிமே துளி பட்டாலும் ரெண்டு நாள்ல கொப்புளம்."

"மத்தவங்களுக்குத் தொத்துமா?"

"உங்க டி செல் உங்க உடம்புல. அது எப்படித் தொத்தும்?"

மறுநாள் காலை பட்டறை நடுவில் போய் நின்றாள். ரவிக்கையைக் கழற்றி, முந்தானையை மார்போடு சுற்றிக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டினாள். ஜெகநாதன் முகத்தைத் திருப்பினார்.

"நீங்களும் பாருங்க மொதலாளி. பொடி ஒட்டின ஏழு எடத்துல ஆறு சுத்தமா கீது. பொங்கினது உங்க கறுப்புத் தொட்டி உப்பு ஒண்ணுதான். தொத்துன்னா முதுகு பூரா பரவியிருக்கணுமே?" டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள்.

ஓரமாய் நின்ற பூங்காவனம், புடவைக்குள் ஒளித்து வைத்திருந்த கைகளை மெல்ல வெளியே நீட்டினாள். தினமும் கறுப்புத் தொட்டியில் முங்கும் அந்தக் கைகளிலும் கொப்புளம். "வேலை போயிடும்னு சொல்லல" என்று அழுதாள்.

"அழாத. எனக்குத் தனி டம்ளர் வெச்சப்ப அழுதிருக்கணும்" என்றாள் பாஞ்சாலை. ஆனாலும் அவள் பக்கத்தில்தான் போய் நின்றாள்.

அன்று ஒருத்தியும் கறுப்புத் தொட்டியைத் தொடவில்லை. ஜெகநாதன் கத்தினார், ஆளை மாற்றுவேன் என்றார். கறுப்புக் கரைப் புடவைக்கான நூல் தேங்கியது. ஐந்தாம் நாள் முழங்கை வரை நீளும் ரப்பர் உறைகள் வந்தன. பாஞ்சாலை சிவப்பு, மஞ்சள் தொட்டிகளை எடுத்துக்கொண்டாள். கறுப்பின் பக்கம் மட்டும் அதன் பிறகு போகவே இல்லை.

தொத்து என்று சொன்னது தப்பு என ஜெகநாதன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை. அடுத்த பத்து வருடமும், புதிதாக வேலைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும், அவர் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்: "கை அரிச்சா மறைக்காத. என்கிட்ட காட்டு."