எல்லோருக்குமான பந்தல்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் அடுப்பு. அவள் அறைக்குப் போகிறவர்கள், "அடுப்படிக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் வேலை. தப்பைத் தப்பென்று உடனே சொல்லிவிடுவாள். மெல்லச் சொல்ல மட்டும் வராது.

நகரத்துப் பூங்காவில் ஒரு கோடைக்காலத்துக்கு மட்டும் நிற்க ஒரு பந்தல் வேண்டும், ஊர்க்காரர்கள் கூடிப் பேசவும் பாடவும் பயன்பட வேண்டும் என்று பூங்காக் குழு கேட்டது. வேலை கைக்கு வந்ததும் அவள் போய் நின்றது தம்பியிடம். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஞாயிறுதோறும் அவனும் கூட்டாளிகளும் அந்தப் பூங்காவில் கூடிக் கையால் பேசிக்கொள்வார்கள். மழை வந்தால் கழிப்பறைச் சுவரோரம் வரிசையாக ஒட்டி நிற்க வேண்டும். ஒருவர் கை அடுத்தவருக்குத் தெரியாது. பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

"உங்களுக்கு என்னடா வேணும்?" என்று கையால் கேட்டாள்.

"எல்லார் மூஞ்சியும் எல்லாருக்கும் தெரியணும்க்கா. நடுவுல எதுவும் மறைக்கக் கூடாது."

அப்படியே வரைந்தாள். வட்டமாகப் பெஞ்சுகள். இரும்புக் குழாய்கள் எல்லாம் வட்டத்துக்கு வெளியே. மேலே வெள்ளைத் துணிக் கூரை. குழுத் தலைவர் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார். தம்பியின் கூட்டத்தோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

வேறொரு வேலைக்காக வெளியூர் போய்விட்டு, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வந்து பார்த்தாள். பெஞ்சுகளைக் காணோம். நட்டநடுவில் ஒரு மேடை, அதைப் பார்த்து வரிசை வரிசையாக நாற்காலிகள். மேடை மேல் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகை. அதில் அந்தப் படம், கீழே "எல்லோருக்குமான பந்தல்" என்று கொட்டை எழுத்து.

"என்ன சார் இது?"

"ஏம்மா, வட்டமா உக்காந்தா யாரு தலைவர்னு எப்படித் தெரியும்?" என்றார் தலைவர்.

"தெரிய வேண்டாம்னுதான் வட்டம். அந்தப் படத்துல இருக்கறவங்க எங்க உக்காருவாங்க?"

"பின்னாடி ஒரு வரிசை இருக்கே. எப்படியும் காது கேக்காது. எங்க உக்காந்தா என்ன?"

அவள் அங்கேயே நின்று அலுவலக முதலாளிக்குப் போன் போட்டாள்.

முதலாளி போனில் சமாதானம் சொன்னார். "விடும்மா, கோடை முடிஞ்சா பிரிக்கப் போறதுதானே."

"அவமானத்தையும் அப்பவே பிரிச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்களா சார்?" என்று போனை வைத்தாள்.

மறுநாள் மாலை, தலைவர் பேசிக்கொண்டிருக்கையில் மேடையேறினாள். நேற்று அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் வாயாலும் கையாலும் கூட்டத்துக்குச் சொன்னாள். முன்வரிசையில் சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் நாற்காலிகள் சரிந்தன. தம்பி முதலில் வந்தான். அவன் பின்னால் ஒரு தையல்காரர், ஒரு ரொட்டிக்கடைக்காரி, இன்னும் பலர். தையல்காரர் தலைவரைப் பார்த்துக் கையை வீசி வீசிக் கேட்டார். அவள் குரல் கொடுத்தாள்:

"எங்க மூஞ்சி பலகைக்கு வேணும். பந்தலுக்கு வேணாமா?"

"ஏய், யாராவது இவங்கள இறக்குங்கப்பா!" என்று தலைவர் மைக்கிலேயே கத்தினார்.

யாரும் அசையவில்லை. அவள் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். மேடையை ஒட்டி இருந்தவர்களை எழுந்து தள்ளிப் போகச் சொன்னாள். தம்பியும் கூட்டாளிகளும் பலகையைத் தாங்கிப் பிடிக்க, போல்ட்டுகளைக் கழற்றினாள். பலகையைப் புல்லில் குப்புறப் போட்டார்கள். தலைவர் காரில் ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு மேடையைச் சுற்றி நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இருட்டிக் கைகள் தெரியாமல் போகும்வரை பேசினார்கள்.

ஒரு மாலைதான். காலையில் பலகை பழைய இடத்திலேயே நின்றது, இந்த முறை கழற்ற முடியாதபடி இரும்போடு இரும்பாகப் பற்றவைத்து. அவளுக்கு வேலை போயிற்று. "உன் கோபத்துக்கு என்னால தீனி போட முடியாதும்மா" என்றார் முதலாளி.

இப்போது வீட்டிலேயே சாப்பாட்டு மேசையில் வரைகிறாள். ஒருநாள் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான்: "என்னாலதானேக்கா உனக்கு வேலை போச்சு?"

அவளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. பென்சிலை வீசிவிட்டு, மேசை அதிரத் தட்டி, அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள்.

"இன்னொரு தடவை அப்படிச் சொன்னே, கையை உடைப்பேன். அந்த ஆளு சொன்னதாலடா போச்சு!"