புதன்கிழமைப் பெரட்டு

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், முப்பத்திரண்டு வருடம் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தவள் பெற்றீசியா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போக, அவர்கள் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, மூக்கைச் சிந்திவிட்டு, தூங்கவைத்தே வயது அறுபதாகிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், தனி ஆள். ஓய்வு கிடைத்ததும் சும்மா இருந்திருக்கலாம். அது அவளுக்கு எங்கே வரும்?

அந்த வருடம்தான் பழைய கங்காணி சோலைமலை, வரிசை வீடுகளான லயத்தில் தன் காம்பராவில் விழுந்து இரண்டு நாள் தரையிலேயே கிடந்தார். பக்கத்துக் காம்பராக்காரர்கள், மனுஷன் கொழும்பில் மகனிடம் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். எப்படியோ பிழைத்தார். பெற்றீசியாவுக்கு மனசு ஆறவில்லை. இத்தனை பேர் இருக்கிற லயத்தில் ஒரு ஆளைத் தேட ஆள் இல்லையா?

வாரம் ஒருநாள் வயசாளிகளைப் பிள்ளைக்காம்பராவில் கூட்டத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கினாள். பசாரில் கடை வைத்திருக்கும் ஃபாஸில் நானா சீனியும் பிஸ்கட்டும் தருவதாகச் சொன்னார். ‘முதியோர் கூட்டம், அனைவரும் வருக’ என்று எழுதி ஒட்டினாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கூட்டம் என்றதும், யாரோ வோட்டுக் கேட்க வருகிறார்கள் என்று அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு லயம் லயமாகப் போனாள். "புதன்கிழம ஒம்போது மணிக்குப் பெரட்டு" என்று மட்டும் சொன்னாள். காலையில் கூடி நின்று பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிவதுதான் பெரட்டு. நாற்பது வருடம் அதற்கு ஓடிய கால்கள் வீட்டில் நிற்குமா? பதினேழு பேர் வந்துவிட்டார்கள். கொழுந்து பறித்து ஓய்ந்த ராக்காயி, மலைக்குப் போகிற மாதிரி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே வந்து, "இன்னைக்கு எந்த மலைக்குப் புள்ள?" என்று கேட்டாள். அன்று சிரித்த சிரிப்பில் பாதிப் பேருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

தேத்தண்ணி, பேச்சு, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டை வாசித்துச் சொல்வது, அவ்வளவுதான். ஒரு விதி மட்டும் உண்டு. பெற்றீசியா கொப்பியைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், இரண்டு பேர் உடனே அந்த ஆளின் காம்பராவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நாலு வருடம் ஓடியது. போன மழைக்காலத்தில் பெற்றீசியா படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். பொகவந்தலாவையில் தங்கச்சி வீட்டில் இரண்டு மாதம் படுக்கை. புதன்கிழமை வந்தால் சோறு இறங்காது. தான் இல்லாமல் பெரட்டு நின்றிருக்கும். யாராவது தரையில் கிடப்பார்கள். போன் போட்டுக் கேட்கலாம்தான். நின்றுபோச்சு என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது என்று கேட்கவே இல்லை.

காலை ஊன்றத் தொடங்கியதும் ஒரு புதன்கிழமை பஸ் ஏறிவிட்டாள். பிள்ளைக்காம்பராவை நெருங்கும்போது ஒன்பதரை. உள்ளே சோலைமலையின் குரல் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பெற்றீசியாவுக்குக் கால்வலி மறந்துபோனது.

வாசலில் அவளைக் கண்டதும் சோலைமலை பழைய கங்காணியாகவே மாறிவிட்டார். "இதுதான் பெரட்டுக்கு வார நேரமா? ஒங்களுக்கு இன்னைக்கு அரைப்பேருதான்!" பிந்தி வந்தவர்களுக்கு அரைநாள் சம்பளம் போட்ட காலத்துப் பேச்சு அது. எல்லோரும் சிரித்தார்கள்.

ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போன மூணாவது வாரம் நான் பதில் சொல்லல புள்ள. காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தேனாம். ரெண்டு பேரு வந்து பாத்து, கடைக்கார நானாவோட ஆட்டோவுல தூக்கிக்கிட்டுப் போனாங்க. இல்லாட்டி நான் இல்ல."

"மாதாவே, ஒனக்குக் கோடி நன்றி" என்று பெற்றீசியா வாய்விட்டே சொன்னாள். பிறகு பழக்கத்தில் தேத்தண்ணி ஊற்றப் போனவளை ராக்காயி தோளைப் பிடித்து வாங்குப் பலகையில் உட்காரவைத்தாள்.

"ஒக்காரு. நீயும் வயசாளிதான்."

கோப்பையை வாங்கிக்கொண்டு, பெற்றீசியா சோலைமலையின் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். இத்தனை நாளும் பெயர் கூப்பிட்டாளே தவிர, அந்தக் கொப்பியில் அவள் பெயர் இல்லை.

"அண்ணே, என் பேரையும் எழுதிக்குங்க" என்றாள்.