பின் சக்கரத்து நட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய் வாசனைதான். குரோம்பேட்டையிலிருந்து நாகல்கேணிக்குப் போகும் வழியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கென்று ஏற்கெனவே ஒரு வாசனை உண்டு. காற்று திசை மாறினால் தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து வரும் அந்த நெடிக்கு வெளியூர்ச் சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், எங்களுக்கு அது பழகிவிட்டிருந்தது. அதையும் அமுக்கிக்கொண்டு மண்ணெண்ணெய் வாசனை படுக்கைவரை வந்தால், அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, வண்டியின் செயினைக் கழற்றிப் பழைய தகர டப்பாவில் ஊறப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். பிளக்கை "உப்புத்தாள்" வைத்துத் தேய்ப்பதும், கார்பரேட்டரை ஊதி ஊதிப் பார்ப்பதும், கழற்றியவற்றை வரிசை கலையாமல் நாளிதழின் மேல் பரப்பி வைப்பதுமாக மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவருக்கு வேறு உலகம் கிடையாது.

எங்கள் தெருவில் மற்ற எல்லாரும் வண்டியைக் கடையில்தான் விட்டார்கள். அப்பா விடாததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று பெரியப்பா கேலி செய்வார். உண்மை அதுவல்ல. நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, ஏதோ ஒரு கடையில் சர்வீஸ் முடித்து எடுத்துவந்த அன்றே, பல்லாவரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஆயில் போல்ட் கழன்று விழுந்து, வண்டி நடுவழியில் நின்றுவிட்டதாம். கொட்டுகிற மழையில் அம்மா ரோட்டோரம் நின்றதை அப்பாவால் மறக்கவே முடியவில்லை. "கடையில பாக்குறவனுக்கு அது ஒரு வண்டி. எனக்கு அப்படியா? நீங்க ரெண்டு பேரும் உக்கார்ற வண்டி" என்பார். அதற்குமேல் யாரும் அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது, ஐப்பசி மழையில் பாசி பிடித்திருந்த மாடிப்படியில் அப்பா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் பிரித்தபோது கை பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. எழுதினார், சாப்பிட்டார், ஆக்ஸிலேட்டரும் முறுக்கினார். ஆனால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டு, பேச்சுக்கு நடுவே தற்செயலாக நீட்டுவதுபோல அதை அம்மாவிடம் நீட்டுவார். அம்மாவும் பேச்சை நிறுத்தாமல் திறந்து கொடுப்பாள். இருவருமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை மட்டும் வழக்கம்போல நடந்தது.

அம்மா குரோம்பேட்டையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பள்ளியில் டீச்சர், நானும் அங்கேதான் படித்தேன். அம்மா முன்னதாகவே ஷேர் ஆட்டோவில் போய்விடுவாள். அப்பா என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, வண்டியை ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பீச் ஸ்டேஷன் பக்கத்து அலுவலகத்துக்கு ரயிலேறுவார். அப்படிப் போன ஒரு காலையில், கடைகள் திறந்துகொண்டிருந்த நேரம், பின்னால் தடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பின் சக்கரம் இறுகிப்போய், வண்டி இழுத்துக்கொண்டே ஒருபக்கமாகப் போயிற்று. அப்பா இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி எப்படியோ விழாமல் பிடித்துவிட்டார். பின்னால் வந்த தண்ணீர் லாரி எங்களை ஒட்டி ஒதுங்கிப் போனதும் அதன் பின்பக்கக் குழாயிலிருந்து தெறித்த தண்ணீர் என் சட்டையை நனைத்ததும் நினைவிருக்கிறது.

ரோட்டோரத்திலேயே யூசுப் பாயின் மெக்கானிக் கடை இருந்தது. அவர் ஓடிவந்து வண்டியை ஓரம்கட்டினார். பின் சக்கரத்து நட்டு தளர்ந்து, சக்கரம் நகர்ந்து, செயின் கழன்று சிக்கியிருந்தது. பாய் நட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். செயினை மட்டும் மாட்டினால் போதும், மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாக அப்பா சொல்லிவிட்டார். இருந்தும் பாய், செயினை மாட்டுகிற சாக்கில், நட்டையும் ஒரு முடுக்கு முடுக்கித்தான் அனுப்பினார். அன்று மாலை வீட்டில் அப்பா, செயின் கழன்றுவிட்டது என்றார், அவ்வளவுதான். லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் யூசுப் பாயின் மகள் ஷாஹிதா அம்மாவின் வகுப்பில்தான் படித்தாள். மறுநாள் காலை மகளை விடவந்தவர், கேட்டுக்கு வெளியே அம்மாவைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். அம்மா, அவர் வண்டியைக் கடைக்குக் கொண்டுவரவே மாட்டார் பாய், என்றாள். பாய் கொஞ்சம் யோசித்தார்.

"கடைக்கு வாணாம் டீச்சர். வண்டி பகல்ல ஸ்டாண்டுலதான நின்னுகினு கீது? நான் வந்து டைட் மட்டும் வெச்சிட்டுப் போறேன். சாரு செஞ்ச வேலையில நான் கை வெக்க மாட்டேன்."

அப்படித்தான், ஞாயிறன்று அப்பா பூட்டியதை மறுநாளே பாய் முடுக்கிவிடும் அந்தத் திங்கட்கிழமைகள் தொடங்கின. மதிய இடைவேளையில் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போவாள். பாய் துணிப்பையில் ஸ்பேனர்களோடு வந்திருப்பார். நான் வெயிலில் சூடேறிய வண்டிகளுக்கு நடுவே புகுந்து எங்கள் வண்டியைக் கண்டுபிடிப்பேன். பாய் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பின் சக்கரம், முன் சக்கரம், பிரேக் என்று ஒவ்வொன்றாக முடுக்குவார். அம்மா தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்பா கேட்டால் என்ன சொல்வது என்று நான் விசாரித்தபோது, "கேட்டா உள்ளதைச் சொல்லு. கேக்காம நீயா போய்ச் சொல்லாத" என்றாள். காசு கொடுக்கப் போனால் பாய் வாங்கமாட்டார். அம்மா ஷாஹிதாவுக்குக் கணக்கில் தனியாகக் கவனம் எடுத்துக்கொண்டாள். அது இதற்காகவா, அந்தப் பெண் கணக்கில் மோசமாக இருந்ததாலா என்று எனக்குத் தெரியாது.

அது வெளிப்பட்ட விதம்தான் நாங்கள் யாரும் எதிர்பாராதது. செயின் தொய்ந்திருந்ததால் அதை இழுத்துக் கட்டுவதற்காக ஒரு ஞாயிறு அப்பா பின் சக்கரத்து நட்டைக் கழற்றப் போனார். அது அசையவில்லை. ஸ்பேனரை மாற்றிப் போட்டுப் பார்த்தார், இரண்டு கையாலும் அழுத்தினார், கடைசியில் எழுந்து நின்று காலால் மிதித்தார். நட்டு இம்மியும் நகரவில்லை. முந்தைய முறை அதைப் பூட்டியது அவர்தான். தன் கையால் எவ்வளவு முடுக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாதா? ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இதை யாரு டைட் வெச்சது?"

நான் சொன்னேன். திங்கட்கிழமை, ஸ்டாண்டு, பாய், குடை, எல்லாவற்றையும்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செயின் டப்பாவிலேயே கிடந்தது. நான் சொன்னதை உள்ளிருந்தே கேட்டிருந்த அம்மா சாப்பாட்டின்போது சமாதானம் சொல்லப் போகவில்லை. ரசம் ஊற்றும்போது மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேலை செய்யக்கூடாதுன்னு நான் நெனைக்கல. ரெண்டு பேரும் முழுசா வூட்டுக்கு வரணும். எனக்கு அவ்ளோதான்." அம்மாவின் வாயில் "வூடு" என்று வருவது அரிது, கலங்கினால்தான் வரும். அப்பா நிமிர்ந்து பார்த்தார். வலது கையைத் தட்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் செயினை மாட்டி, என்னை உட்காரவைக்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். நான் கூடவே நடந்தேன். யூசுப் பாய் கடையைச் சாத்திக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் திகைத்துப்போனார். திட்டு வாங்கப்போகிறோம் என்றே நினைத்திருப்பார். அப்பா ஸ்டாண்டு போட்டுவிட்டு, "பாய், கொஞ்சம் கழட்டிக் குடுங்க. நீங்க வெச்ச டைட்டு எனக்கு வரல" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய்க்கும் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் பாயின் கடைக்கு இடம்பெயர்ந்தன. பிளக், கார்பரேட்டர், ஆயில் எல்லாம் அப்பாவின் பொறுப்பு, சக்கரமும் பிரேக்கும் பாயின் பொறுப்பு. அப்பா கூலி கொடுப்பதில் பிடிவாதமாக இருந்தார், பாயும் பிறகு மறுக்கவில்லை. பாய் முடுக்கும்போது அப்பா பக்கத்தில் நின்று நட்டையே பார்ப்பார். அதை நம்பிக்கையின்மை என்று பாய் ஒருநாளும் எடுத்துக்கொள்ளவில்லை. முடித்ததும் ஸ்பேனரை அப்பாவிடம் நீட்டி, "நீங்களும் ஒருவாட்டி பாத்துக்குங்க சார்" என்பார். அப்பா ஒருமுறை அழுத்திப் பார்த்து, போதும் என்று தலையாட்டியபிறகுதான் நான் ஏறி உட்கார்வேன்.

அந்த வண்டி இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கடையும் போய்விட்டது. பாய் பெரும்பாக்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார் என்று அம்மா சொல்கிறாள், பண்டிகைக்குப் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் என்று ஒன்று கிடையாது, வண்டி கீழ்த்தளத்தில் கோடு போட்ட கட்டத்துக்குள் நிற்கிறது. என் ஸ்கூட்டரை சர்வீஸுக்கு எடுத்துப்போக ஒரு பையன் வருகிறான். சாயங்காலம் போனுக்குத் தகவல் வருகிறது, வண்டி திரும்பி வந்துவிடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே பார்க்கிறார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமுமில்லை.

போன வாரம் வண்டி வந்த அன்று அப்பா பால்கனியில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் மகளை அதில் பள்ளிக்கு அழைத்துப்போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். யார் பார்த்தார்கள் என்று கேட்டார். கம்பெனியில் என்றேன்.

"அது சரிம்மா. ஆளு யாரு?"

போனை எடுத்துத் தேடினேன். செய்த வேலைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன, ஆளின் பெயர் எங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா, செருப்பைப் போட்டுக்கொண்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக வண்டி நிற்கும் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனார்.