பின்னால் வந்த சுண்ணாம்புக்கல் லாரி

போன வருடம் ஐப்பசி மாதம், நான் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிய அதே வாரத்தில் நடந்தது இது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு எதற்கு பைக் என்று சொந்தக்காரர்கள் கேட்டும் கேளாமல் ஆசையாக வாங்கிய வண்டி.

அந்தச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடும். அப்படி ஒரு லாரி இடித்துத்தான் என் அப்பா ஒரு காலை இழந்தார். அதிலிருந்து லாரியைக் கண்டாலே அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொள்வார்.

அன்று முன் பிரேக் சரியாகவே பிடிக்கவில்லை. பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரியலூரை நெருங்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற சுண்ணாம்புக்கல் லாரியின் டிரைவர், டயரைப் பார்க்க இறங்கியவர், என் வண்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“ஏம்மா, முன்னாடி ஃபோர்க்குல ஆயில் ஒழுவுது பாருங்க. டிஸ்க் பூரா ஆயிலா இருக்கு. அப்புறம் பிரேக் எப்புடிப் புடிக்கும்?”

குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்தைத் தாங்கும் குழாயில் எண்ணெய் வழிந்து, பிரேக் தட்டு பளபளத்தது. இதில்தான் அம்மாவை உட்கார வைத்து இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறேன்.

“அம்மாவ நம்ம லாரியில ஏத்தி விடுங்க. நீங்க முன் பிரேக்கத் தொடாம ஓரமா மெதுவாப் போங்க. டவுன்ல மெக்கானிக் கடை வரைக்கும் நான் பின்னாடியே வரேன். வேற வண்டி எதுவும் உங்கள நெருக்காது” என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்து ஏறினார்.

கேட் திறந்தது. நான் நடக்கிற வேகத்தில் போனேன். லாரியும் அதே வேகத்தில் வந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. டிரைவர் அசரவில்லை. கண்ணாடி முழுக்க லாரியின் முகம்தான் தெரிந்தது. அது என் பின்னால் இருக்கிறது என்பதே அன்று தைரியமாக இருந்தது.

கடை வந்ததும் அவர் அம்மாவைக் கைபிடித்து இறக்கிவிட்டு, நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டார். லோடு தாமதமாகிறது என்று அவருக்கு போன் வந்துகொண்டே இருந்தது.

மெக்கானிக் ஆயில் சீலையும் பிரேக் பேடையும் மாற்றும்வரை அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “ஒங்கப்பா கால் போனதச் சொல்லிட்டேன்டி. அந்தப் புள்ள அதுக்கப்புறம் இன்னும் மெதுவா ஓட்டுனுச்சு.”

இப்போதும் சுண்ணாம்புக்கல் லாரி வந்தால் பயந்து ஓரம் ஒதுங்கத்தான் செய்கிறேன்; ஆனால் அது கடந்து போகும்போது, முன்பு ஒருநாளும் செய்யாததாக, அதை ஓட்டுகிறவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறேன்.